டாக்டரம்மாவின் முதுகு

ஜோகூரில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் நாங்கள் சிலர் ஒரு விளையாட்டு விளையாடினோம். ஒருத்தி டாக்டரம்மா. மற்றவர்கள் எல்லாம் காய்ச்சல்காரர்கள். ரப்பர் மரத்தடியில் வரிசையாக மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா வந்து ஒவ்வொருத்தியின் இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, கட்டி இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் டாக்டரம்மாவாக இருக்க ஒருத்தியும் முன்வரமாட்டாள். அந்த வேஷம் போடுகிறவள் முதலில் தன் நெற்றிப் பொட்டை அழித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

உண்மையான டாக்டரம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். ரப்பர் விலை விழுந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பாதி ஆளில்லாமல் கிடந்த காலம். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, தோட்டத்து லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மலேரியாக் காய்ச்சல் எந்தெந்தத் தோட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார் அப்பா. அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. என் கண் முழுக்க அவர் உடுத்தியிருந்த வெள்ளைப் புடவையில் இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. கையில் வளையலுக்குப் பதிலாக ஒரு கடிகாரம், காலில் ஆண்கள் போடுவது போல் கறுப்புச் சப்பாத்து. நாங்கள் அரை நிமிடத்தில் முடிவுகட்டிவிட்டோம். தாலியறுத்தவர்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். புருஷன் செத்ததால் இந்த வேலைக்கு வந்தாரா, இந்த வேலைக்கு வந்ததால் புருஷன் செத்தாரா? கங்காணி மகள் இரண்டாவதுதான் என்று அடித்துச் சொன்னாள். அவளுக்கு எல்லாமே தெரியும் என்ற நினைப்பு. ஆனாலும் நாங்கள் நம்பினோம்.

டாக்டரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றைக்கு, எங்களை பெஞ்சில் படுக்க வைத்து, காய்ச்சலில் வீங்கும் மண்ணீரல் கட்டியாகத் தட்டுகிறதா என்று விலாவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாத்தியார் சும்மா இருக்கமாட்டாமல், பெரியவர்களானதும் இந்த அம்மா மாதிரி ஆக யாருக்கெல்லாம் ஆசை என்று கேட்டார். மூன்று பையன்கள் கையைத் தூக்கினார்கள். பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து கால் விரலைப் பார்த்தோம். ஒரு பெண்ணைப் பார்த்துப் பையன்களுக்கு ஆசை வருகிறது, எங்களுக்குப் பயம் வருகிறது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. என்ன கோளாறு என்றுதான் பிடிபடவில்லை. டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு வேலை கிடந்தது.

என் முறை வந்தது. விரல்கள் ஜில்லென்று இருந்தன. ஒரு தடவை அழுத்தினார்.

"இருக்குது," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் வயிற்றுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது, லாரியில் வந்து இறங்கிய ஒருவருக்குத் தெரிகிறது. அதே சமயம் அந்த விரல்கள் எனக்கு வேண்டும் போலவும் இருந்தது. கோபமும் ஆசையும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் செய்தது இதுதான்: சில நாளில், யாரும் முன்வராத அந்த விளையாட்டில் நானே டாக்டரம்மா ஆனேன். எச்சில் தொட்டுப் பொட்டை அழித்துக்கொண்டு மரத்தடியில் நடந்தேன். கங்காணி மகளுக்கு மட்டும் ஒரு அழுத்து அதிகம்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். முதுகில் ஒரு அறை விழுந்தது.

"தாலியறுத்தவ வேஷமாடி போடுற? வீட்டுல ஒரு சாவு போதாதா?"

போன வருஷம்தான் என் தம்பி காய்ச்சலில் போனான். நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தவன் மூன்று தடவை குளிர் வந்து நடுங்கினான், போய்விட்டான். அந்த வருஷம் அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, உடம்புக்கு முடியாமல் எடுக்காமல் விட்டிருந்தாள். அதனால்தான் பிள்ளை போனது என்று லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு என்னைப் பற்றி வேறு திட்டம் இருந்தது. அவர் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவர். ஆபீஸில் துரையோடு பேசிப் பேசி இங்கிலீஷ் மேல் பெரிய மரியாதை. தம்போயில் சித்தப்பா இருந்தார். அவர் வீட்டில் தங்கி ஜோகூர் பாருவில் பெண்பிள்ளைகளின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு நான் போகலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா முடியாது என்றாள். "படிச்சிட்டு என்ன, அந்த வெள்ளப் புடவைக்காரம்மா மாதிரி ஊர் ஊரா லாரியில சுத்தவா?" அப்பா பேச்சை மாற்றினார். அவருக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இழுபறியில் நான் வயதுக்கு வந்துவிட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சடங்கு ஆகும்வரை வெளியில் தலைகாட்டக்கூடாது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டின் முன்பக்கத்து ஓர அறையில் தென்னை ஓலை கட்டி, பக்கத்தில் வேப்பிலையும் பாக்குவெட்டியும் வைத்து என்னை உட்காரவைத்தார்கள். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தே கொன்றார்கள். என் உடம்பில் என்ன நடந்தது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரத்தம் என்ற சொல்லே வீட்டில் காணாமல் போயிருந்தது. எல்லோரும் 'அது', 'அது' என்றார்கள்.

அப்போதுதான் டாக்டரம்மா மறுபடி தோட்டத்துக்கு வந்தார். கட்டி இருந்த பிள்ளைகளிடம் எல்லாம் ரத்தம் எடுக்க வேண்டுமாம். வாசலில் நின்று, வெகு சாதாரணமாக, தன் யாழ்ப்பாணப் பேச்சில், "உங்கட மகளின்ர ரத்தம் வேணும்," என்றார்.

என் அறைக்குள் இருந்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். மருந்து கட்டுகிற ஆம்பளை டிரெஸர் வந்திருந்தால் அப்பாவை விட்டுத் திருப்பி அனுப்பியிருப்பாள். இவர் பொம்பளை. ஆனால் எந்த மாதிரிப் பொம்பளை? தீட்டில் இருக்கும் பெண்ணின் முகத்தில் முதலில் முழிக்கிற வெளியாள் தாலியறுத்தவராக இருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாவது? அம்மா தயங்கித் தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு... இருக்காரா?"

டாக்டரம்மா என்ன செய்கிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீடு பலகை வீடு. இரண்டு பலகைக்கு நடுவில் விரல் அகல இடைவெளி ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். டாக்டரம்மா ரவிக்கைக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை வெளியே இழுத்தார். அதன் நுனியில் தாலி. அதில் ஒரு புறா.

"இருக்கிறார். சிரம்பானிலை வேலை. நாங்கள் வேதக்காரர், பொட்டு வைக்கிறேல்லை. வெள்ளை எண்டா அழுக்கு உடனை தெரியும், அதுக்காக உடுத்திறனான்."

அம்மா அந்தக் கிறிஸ்தவப் புறாவை வெகு நேரம் பார்த்தாள். தாலி இருக்கிறது, பொட்டு இல்லை. புருஷன் இருக்கிறார், கூட இல்லை. இது சுமங்கலிக் கணக்கில் சேர்த்தியா இல்லையா? பாவம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் நின்றாள். ஒருவழியாக நகர்ந்து வழிவிட்டாள். சரி என்று அல்ல, சரியில்லை என்று சொல்லத் தெரியாமல்.

உள்ளே வந்தவர் வேப்பிலையைப் பார்த்தார், பாக்குவெட்டியைப் பார்த்தார். என் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். "பயப்பிடாதைங்கோ பிள்ளை." எனக்குப் பயமே இல்லை. நீங்கள் இதையெல்லாம் எப்படிப் படித்தீர்கள், உங்கள் அம்மா சம்மதித்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

டிஸ்பென்சரி மரங்களுக்கு அடியில் இருட்டாக இருந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் அப்பா எங்கள் வராந்தாவில் தன் மேசையைப் போட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த காலை வேளைகளில் எல்லாம் டாக்டரம்மா அங்கே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். நான் பலகை இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது அவர் முதுகு மட்டும்தான். வெள்ளை ரவிக்கை, வேர்வையில் ஒட்டிய ஒரு திட்டு, இறுக்கிய கொண்டை. அவர் எதைப் பார்க்கிறார் என்று என்னால் பார்க்கவே முடியவில்லை. வெளியே போய் அதைத் தொட்டால் தீட்டு. நான் ஆசைப்பட்டு வேஷம் போட்ட ஆள் பத்தடி தூரத்தில் இருக்கிறார், நான் ஓலைக்குள் களி தின்றுகொண்டிருக்கிறேன். அழுகை அழுகையாக வந்தது.

அம்மா தினமும் காப்பி கொண்டுபோய் வைப்பாள். முதல் நாள் வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்புறம் தூண் ஓரமாக நின்றாள். பிறகொரு நாள் கேட்டாள்.

"அதுல என்னங்க தெரியும்?"

"பாக்கப்போறீங்களோ? வாங்கோ. உங்கட மகளின்ரதான் இது."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் முதலில் இரண்டையும் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா கையால் அவளுடைய இடது கண்ணைப் பொத்தினார். பிறகு அம்மாவும் எனக்கு முதுகுதான்.

"மோதிரம் மாதிரி இருக்கு," என்றாள் அம்மா மெதுவாக. "சின்னதா, கல்லு வெச்ச மோதிரம்."

"ஓம். அதுதான் காய்ச்சல்."

"இவ்வளவு அழகா இருக்கே."

எவ்வளவு நேரம் குனிந்திருந்தாள் என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை என் அறைக்கே வந்தது. அம்மா நகரவில்லை. அப்படியே குனிந்தபடி கேட்டாள்.

"என் பையனுக்கும் இதானா?"

டாக்டரம்மாவுக்குத் தம்பியைப் பற்றித் தெரியாது. எப்படி வந்தது, எத்தனை முறை குளிர் வந்தது, கொய்னா மருந்து கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்களிடம் ஒரு நாளும் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

"இதாத்தான் இருக்கும். நுளம்பு கடிச்சு வாறது."

"கொசுதானா? வேற எதனாலயும் இல்லீங்களா?"

"வேறை என்னத்தாலை?"

எடுக்காத பால்குடத்தைச் சொல்லாமலே அம்மா அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அவளைத் தொட்டு ஆறுதல் சொல்லவில்லை; அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். அது கல்மனசா, தெரிந்துதான் விட்டாரா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. ஆனால் அம்மா அன்று அழுத அழுகை தம்பி செத்தபோது அழுததைப் போல இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு நல்லது நடந்திருக்கிறதா கெட்டது நடந்திருக்கிறதா என்று புரியாமல் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள், "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலை, என்ர அம்மாவோட. நான் போனா கதவுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொள்ளும். ரெண்டு மூண்டு வாரம் போகத்தான் கிட்ட வரும். அதுக்குள்ளை எனக்கு லீவு முடிஞ்சிடும்."

இதையும் அவர் குனிந்தபடியேதான் சொன்னார். அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க நான் எதையும் கொடுத்திருப்பேன்.

எனக்குள் இருந்த ஆசை அந்த நிமிடம் ஆட்டம் கண்டது. பொட்டை அழிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் சொந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமென்றால்? அந்தப் பிள்ளைதான் நான் என்பது போல, இவர் மேல் திடீரென்று ஒரு கோபம். கூடவே பரிதாபம். விரல்கள் வேண்டும் என்ற பழைய ஆசையும் போகவில்லை, மூலையில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. போய்ப் படுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் டாக்டரம்மா எனக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கொய்னா கொடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு செடெனாக் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது என் அறைப் பக்கம் திரும்பவில்லை. திரும்புவார் என்று நான் எதிர்பார்த்ததுதான் அதிகம். அவருக்கு நான் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சடங்கு நடந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பட்டுப் பாவாடை உடுத்தி, பெண்கள் எல்லோரும் எனக்கு இனி வரப்போகிற மாப்பிள்ளையைப் பற்றியே கேலி பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இவள தம்போய்க்கு அனுப்பிருங்க."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. "எதுக்கு?"

"படிக்கத்தான்."

"ஏம்மா, நீதானே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்ன? இப்ப வயசுக்கு வேற வந்துட்டா."

"வந்தா என்ன? அந்தம்மாவும் வயசுக்கு வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையப் பெத்துட்டுத்தானே இந்த வேலையப் பாக்குறாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் என் கட்சி என்றும் நான் அவர் கட்சி என்றும் இத்தனை நாள் நினைத்திருந்தவர்.

"நீ என்னம்மா சொல்ற? போறியா?"

முன்பு என்றால் எகிறிக் குதித்திருப்பேன்.  வேண்டாம் என்றிருந்தவள் அனுப்பு என்கிறாள், வேண்டும் என்றிருந்த நான் தயங்குகிறேன். இரண்டு பேரும் ஒரே டாக்டரம்மாவைத்தான் பார்த்தோம், அதுவும் ஒரே நாளில். எப்படி இப்படி ஆனது?

"தெரியலப்பா," என்றேன்.

"அவ போவா," என்றாள் அம்மா.

போனேன். சித்தப்பா வீட்டில் தங்கி, பஸ் ஏறி ஜோகூர் பாரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாததால் என் இடுப்பு உயரப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பாட்டு, ஜெபம், தையல். நகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று வாரம் ஒரு பாடம். மேசை விரிப்பில் பூ வேலை செய்து செய்து எனக்கு விரல் நுனியெல்லாம் பொத்தல். பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் இருந்ததெல்லாம் பழைய மாணவிகள் பின்னிய லேஸ்.

முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அம்மா கேட்டாள்.

"பார்த்தியா?"

"என்னதும்மா?"

"அதான்டி. அந்தப் பூதக்கண்ணாடி. அந்தம்மா வெச்சிருந்தாங்களே."

"அங்க அதெல்லாம் இல்லம்மா. தையல்தான்."

அம்மாவின் முகம் விழுந்ததை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. தையலுக்கா இவ்வளவு தூரம் என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுப்படிக்குப் போனாள், சோறு போட்டாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கேட்டியா?"

"இல்ல."

"கேளும்மா. கேக்காம எப்படித் தருவாங்க?" என்றாள். பிறகு, ரொம்பத் தயங்கி, "உள்ளுக்குள்ள அந்த மோதிரம் எப்படி வளருது, எங்க போய் ஒளியுதுன்னு கேளு. அதைக் கேக்குறதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்க," என்றாள்.

லீவு முடிந்து திரும்பிய வாரமே கேட்டேன். தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், மைக்ராஸ்கோப் வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தன. பக்கத்தில் இருந்தவள் மலாயில் "அலமாக்", ஐயோ அம்மா, என்று முணுமுணுத்தாள். டீச்சர் கெட்டவர் இல்லை. கேலியாகவும் கேட்கவில்லை. எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தித்தான் கேட்டார்: உனக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசையா?

ஆமாம் என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். அத்தனை நாள் என் தலைக்குள் சிக்கிக் கிடந்ததில் ஒரே ஒரு நூல்தான் அப்போது கைக்கு வந்தது.

"எனக்கு இல்ல, டீச்சர். எங்க அம்மாவுக்கு," என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் டீச்சரும் சேர்ந்துகொண்டார். அவர்கள் மனதில் நரைத்த தலையோடு ஒரு கிழவி வந்து நின்றிருப்பாள் போலும். அப்போது என் அம்மாவுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.